நெஞ்சு கரிக்கிறதா? மாத்திரை போடுமுன்...

ராத்திரி ஓட்டலில் புரோட்டா, சால்னா. படுத்தால் நெஞ்சு கரிக்கிறது. இதற்கெல்லாம் யார் டாக்டரிடம் போகிறார்கள்? மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்த ஜெலுசிலை ரெண்டு மென்றுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். பலருக்கு இதில் கெடுதல் இல்லை. ஆனால் நீங்களோ, உங்கள் வீட்டில் ஒருவரோ ஹெச்.ஐ.வி.க்கு தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இன்று பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் டோலுடெகிராவிருக்கு ஒரு குணம் உண்டு. வயிற்றில் அலுமினியம், மெக்னீசியம் போன்றவற்றைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது ரத்தத்துக்குள் சரியாகப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஜெலுசில், டைஜீன் வகையறாக்களில் இருப்பதே இந்த இரண்டின் உப்புகள்தான்!

"ஒரு நாள்தானே டாக்டர்?" என்பீர்கள். ஒரு நாளோடு போனால் சரி. அல்சர்காரர்கள் தினமும் அல்லவா மெல்லுகிறார்கள்! ரத்தத்தில் மருந்து குறைந்தே இருந்தால் கிருமி மறுபடி பெருகும். பெருகும்போதே அந்த மருந்துக்கு மசியாத ரகமாகவும் மாறிவிடலாம்.

ஆகவே முதலில் ஏ.ஆர்.டி. மாத்திரை, 2 மணி நேரம் கழித்து ஜெலுசில். தெரியாமல் ஜெலுசிலை முதலில் சாப்பிட்டுவிட்டால் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் வெறும் வயிற்றில் இதே கணக்குதான். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே சாப்பிடலாம். கர்ப்பிணிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல்? டோலுடெகிராவிரை இவை ஒன்றும் செய்யாது. ஆனால் அட்டாசனாவிர் சாப்பிடுகிறவர்களுக்குக் கதை வேறு. அந்த மருந்து கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். இவை அமிலத்தையே அடக்கிவிடும். ரில்பிவிரின் மாத்திரையோடு ஓமிப்ரசோல் வகை கூடவே கூடாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் 'கேஸ் மாத்திரை'யை நீங்களும் வாங்கிப் போடாதீர்கள்.

தெருமுனை டாக்டரிடம் ஹெச்.ஐ.வி. என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்ல மனசு வரவில்லையா? அவர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு போய், சாப்பிடுமுன் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டிவிடுங்கள். எரிச்சலுக்குப் பயந்து ஏ.ஆர்.டி. மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. சோற்றை விழுங்கும்போதே வலிக்கிறதென்றால் அது அமிலமாக இல்லாமல் உணவுக்குழாயில் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். அது ஜெலுசிலுக்குக் கேட்காது. உடனே டாக்டரைப் பாருங்கள்.