பேப்பர்ல பேர் வந்த பிறகு: மோட் லூயிஸ் கதை

படம் வரையுற ஒருத்தரைப் பத்தி லோக்கல் பேப்பர்ல வந்தா வீடே கொண்டாடும். அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி வெப்பாங்க. இன்ஸ்டால ஆயிரம் லைக் வந்தப்போ கண்டுக்காத பக்கத்து வீட்டு அங்கிள்கூட, "பேப்பர்ல பார்த்தேன்மா"ன்னு நின்னு பேசுவார். காரணம் சிம்பிள். இன்ஸ்டால நம்ம படத்தை நாமளே போடுறோம். பேப்பர்ல வேற ஒருத்தர் நம்மளைத் தேர்ந்தெடுத்துப் போடுறாங்க. அந்த சந்தோஷம் நியாயமானது. ஆனா அடுத்து என்ன நடக்கும்?

மோட் லூயிஸ் 1900-களோட தொடக்கத்துல பிறந்தவர். கனடாவோட நோவா ஸ்கோஷியா மாகாணத்துல, மார்ஷல்டவுன்ங்கிற சின்ன ஊர்ல வாழ்ந்தார். சின்ன வயசுலயே மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போச்சு. கணவர் எவரெட் மீன் வியாபாரி. இருந்தது ஒரே அறை வீடு, கரண்ட் கிடையாது. கதவு, ஜன்னல், அடுப்புன்னு எதையும் விடாம பூவும் பறவையுமா வரைஞ்சார். ரோட்டோரம் போர்டு வெச்சு, ஒரு படத்தை ரெண்டு மூணு டாலருக்கு வித்தார்.

1964-ல டொரான்டோவிலிருந்து வந்த ஸ்டார் வீக்லி அவரைப் பத்தி எழுதுச்சு. 1965-ல சிபிசி டிவியிலும் வந்தார். தபால்ல ஆர்டர் குவிய ஆரம்பிச்சது. பின்னாடி, நிக்சன் அதிபரா இருந்தப்போ, வெள்ளை மாளிகையே ரெண்டு படம் கேட்டது.

சாஃப்ட்வேர்ல இருக்கிற எனக்கு இது லோடு பிரச்சினையாத்தான் தெரியுது. டிராஃபிக் திடீர்னு ஏறினா நாங்க இன்னொரு சர்வர் சேர்ப்போம். மோட்கிட்ட இருந்தது வலிக்கிற ரெண்டு கைதான். வந்த ஆர்டர் எல்லாத்தையும் அவரால வரைஞ்சு கொடுக்க முடியல. கடைசி வருஷங்கள்லகூட ஒரு படம் ஏழிலிருந்து பத்து டாலருக்குத்தான் போச்சு. 1970-ல இறந்தார். 2022-ல அவரோட 'பிளாக் டிரக்' ஓவியம் 3,50,000 கனடிய டாலருக்கு ஏலம் போச்சு.

பேப்பர் அவருக்கு வாங்குறவங்களைக் கொண்டுவந்தது. விலையை ஏத்தித் தரல. கையால செய்யுற பொருளை ஒரு அளவுக்கு மேல கூட்ட முடியாது. கேட்கிறவங்க கூடினா, விலையும் கூடணும்.

அதனால உங்க ஃபிரெண்ட் பேர் பேப்பர்ல வந்தா, ட்ரீட் கேட்குறதோட நிக்காதீங்க. கூட உட்கார்ந்து ரெண்டு விஷயம் முடிவு பண்ணுங்க: மாசத்துக்கு எத்தனை படம் முடியும்? இனிமே ஒரு படம் எவ்வளவு? "தெரிஞ்சவங்கதானே, குறைச்சுக்கோ"ன்னு முதல்ல கேட்கப்போறது நம்மளாத்தான் இருக்கும். கேட்காம, முழு விலை கொடுத்து வாங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.