ராத்திரி வானத்துல இருந்து கரண்ட் எடுக்க முடியுமா?

மார்கழி மாசம் விடியக்காலையில, வெளிய நிறுத்தின பைக் சீட்டைத் தொட்டுப் பாருங்க. ஈரமா இருக்கும். மழை இல்ல, பனி. ஷெட்டுக்குள்ள நின்ன பைக் காஞ்சே இருக்கும். ஏன்?

வெளிய நின்ன சீட் ராத்திரி பூரா தன்னோட சூட்டை அகச்சிவப்புக் கதிரா வானத்துக்கு அனுப்பிட்டு இருந்திருக்கு. 8-லிருந்து 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்துல காற்று மண்டலம் ஒரு ஜன்னல் மாதிரி. அது வழியா சூடு நேரா விண்வெளிக்கே போயிடும். அதனால சீட், சுத்தியிருக்கிற காத்தை விடச் சில்லுனு ஆகுது. இந்த வித்தையை வெச்சு அலகாபாத்துல ஐஸே பண்ணியிருக்காங்க. மண் தட்டுல தண்ணி ஊத்தி, ராத்திரி வெளிய வெச்சு! ராபர்ட் பார்க்கர் 1775-லேயே அதை எழுதி வெச்சிருக்கார்.

இப்போ கரண்டுக்கு வருவோம். தெர்மோஎலெக்ட்ரிக் சிப்னு ஒண்ணு இருக்கு. அதோட ஒரு பக்கம் சூடாவும் இன்னொரு பக்கம் குளிர்ச்சியாவும் இருந்தா கரண்ட் வரும். 2019-ல ஆஸ்வத் ராமன், வெய் லி, ஷான்ஹுய் ஃபேன் மூணு பேரும் சிப்போட மேல் பக்கத்துல கறுப்புப் பெயின்ட் அடிச்ச ஒரு அலுமினியத் தட்டை வெச்சு, அதை வானத்தைப் பார்க்க விட்டாங்க. கீழ்ப் பக்கத்துக்குச் சுத்தியிருக்கிற காத்தோட சூடு. ஒரு குட்டி எல்.இ.டி எரிஞ்சது! பகல்ல அதே கறுப்புத் தட்டு வெயில்ல சூடாகும், கரண்ட் எதிர்த்திசையில ஓடும். ஆக ரெண்டு வேளையும் வேலை.

சரி, ஒதியம்பட்டு மொட்டை மாடியில வெச்சா? அவங்களுக்குக் கிடைச்சது சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். ஒரு 5 வாட் போன் சார்ஜருக்கே 200 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,150 சதுர அடி மாடி வேணும். ராத்திரி 12 மணி நேரமும் ஓடினாலும் ஒரு சதுர மீட்டர்ல 0.3 வாட்-மணிதான். அதே இடத்துல சாதா சோலார் பேனல் நல்ல வெயில் நாள்ல 800 வாட்-மணி தரும்.

அதுவும் அவங்க செஞ்சது கலிஃபோர்னியாவோட காஞ்ச காத்துல. நம்ம பக்கம் கடல் காத்து. ஈரப்பதம் அந்த ஜன்னலைப் பாதி சாத்திடும். மேகம் வந்தா மொத்தமா மூடிடும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரியை நினைச்சுக்கோங்க. கரண்ட் ரொம்பத் தேவைப்படுற அந்த மாதிரி ராத்திரியில இது சுத்தமா கைவிட்டுடும். வீட்டுக்குன்னா என் ஓட்டு பேனலும் பேட்டரியும்தான்.

எனக்கு இதுல ஆசை வேற இடத்துல. வயல்ல மண் ஈரம் பார்க்கிற சென்சார், மணிக்கு ஒரு தடவை முழிச்சு ஒரு மெசேஜ் அனுப்பிட்டுத் தூங்கிடும். அதுக்குச் சராசரியா ஒரு மில்லிவாட்டே தாராளம். பேட்டரி மாத்த யாரும் சேத்துல இறங்க வேண்டாம்.