லப்டொப் சுடுகிறதா? முதலில் உங்கள் பத்திரங்களைக் காப்பாற்றுங்கோ

போன மாரியில் ஒரு தம்பி தன்னுடைய லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். யாரோ பாவித்துக் கொடுத்த பழைய லப்டொப். ஊரிலிருந்து வந்த வைத்தியசாலைக் கடிதம், பொலிஸ் முறைப்பாடு, சொலிசிட்டருக்காக எழுதி வைத்த வாக்குமூலம் எல்லாம் அதற்குள்தான். வேறு பிரதி இல்லை. நேர்முகத்துக்கு இன்னும் ஒன்பது நாள். "அக்கா, டிக் டிக் எண்டு சத்தம் போடுது, கை வைக்க ஏலாமல் சுடுது" என்றார்.

அந்த வைத்தியசாலைக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு, பயத்தில் வீட்டார் எரித்துவிட்டார்கள். கடைசியில் தாயார் திரும்பவும் வைத்தியசாலைக்குப் போய்க் கேட்கவேண்டி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய லப்டொப்புகளில் இருப்பது சுழலும் ஹாட் டிஸ்க். உள்ளே இருக்கும் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும். எழுதி வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரை விட மெல்லிய இடைவெளியில் அதன் மேலே போய்வரும். கூடிய சூடு நீடித்தால் இந்தப் பாகங்கள் சீக்கிரம் தேயும். அநேகமான லப்டொப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் போடும் உச்ச எல்லை 60 பாகை செல்சியஸ். 50ஐத் தாண்டினாலே கவனிக்கவேணும். விண்டோஸ் என்றால் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் சூட்டையும் டிஸ்க்கின் நிலைமையையும் காட்டும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் நாளைக்கு என்று விடாதேங்கோ.

ஏன் சுடுகிறது? ஹொட்டேல் அறையில் மேசை இல்லை, கட்டிலில் போர்வைக்கு மேலே வைத்துத்தான் பாவிக்கிறோம். கம்பளி அரிதிற்கடத்தி என்று பிள்ளைகளுக்குப் பல வருடம் படிப்பித்தவள் நான். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்! அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால் ஃபான் சுற்றியும் பயனில்லை. ஒரு தட்டையோ தடித்த புத்தகத்தையோ அடியில் வையுங்கோ, துவாரம் மூடாமல். ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். தூசியை எடுக்க முதலில் நிறுத்தி, வயரைக் கழற்றி, காற்றுக் குப்பியால் சின்னச் சின்னதாக அடியுங்கோ. வக்கூம் கிளீனர் பிடிக்கவேண்டாம், நிலைமின்னால் உள்ளே பழுதாகலாம். சிலர் சூடு தணிக்க ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறார்கள். அது கூடவே கூடாது, உள்ளே தண்ணீர் படியும். குளிருக்குள்ளால் கொண்டுவந்த லப்டொப்பையும் ஒரு மணித்தியாலம் விட்டுத்தான் போடவேணும்.

டிக் டிக் சத்தம் கேட்டால் கதை வேறு. உடனே நிறுத்துங்கோ. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமும் போய்விடும். பிறகு மீட்டெடுக்க நூற்றுக்கணக்கான பவுண் கேட்பார்கள்.

சத்தம் இல்லை, சூடு மட்டும்தான் என்றால், ஆறவிட்டு இன்றைக்கே பிரதி எடுங்கோ. பாட்டும் படமும் பிறகு. முதலில் வழக்குப் பத்திரங்கள். ஒன்று யூ.எஸ்.பி. பென்னில், இன்னொன்று ஈமெயிலில் சொலிசிட்டருக்கு. பென்னை ஒருவருக்கும் இரவல் கொடுக்காதேங்கோ.

திருத்தக் கொடுப்பதிலும் அவதானம் வேணும். உங்கள் வாக்குமூலத்தில் ஊரில் இருப்பவர்களின் பெயர் இருக்கிறது. கடைக்காரர் எங்கட ஆள்தானே என்று விட்டுவிட்டு வரவேண்டாம். ஃபான் வேலை என்றால், ஹாட் டிஸ்க்கைக் கழற்றித் தரச்சொல்லிக் கையோடு கொண்டுவாருங்கோ. பெரும்பாலான பழைய லப்டொப்பில் அது இரண்டு மூன்று ஆணிதான். புதிது போடுவதென்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கோ, சுழலும் பாகம் இல்லை. பழைய டிஸ்க்கைக் கடையில் விடாமல் கேட்டு வாங்குங்கோ.

பென் வாங்க வசதியில்லையென்றால் கூச்சப்படாமல் எங்களிடம் வந்து கேளுங்கோ. நேர்முகத் திகதி வரும்வரை காத்திருக்கவேண்டாம்.