டூட்டி மாறும் நேரம்: எழுதப்படாத ஒரு பிரதி குறித்து

மருத்துவமனையை ஓர் அதிகார அமைப்பாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவரோடு நின்றுவிடுகிறார்கள். ஃபூக்கோ 1963-ல் எழுதிய 'கிளினிக்கின் பிறப்பு'கூட மருத்துவரின் பார்வையைத்தான் மையப்படுத்துகிறது. நம் வார்டுகளில் அந்தப் பார்வை ஒரு படுக்கையின் மேல் விழுவது சில நிமிஷங்கள். மிச்ச நேரமெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் செவிலியர். அவர் பார்த்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? டூட்டி மாறும் நேரத்தை முன்வைத்து இதை யோசிக்கலாம் எனத் தோன்றுகிறது.

கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நினைத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் உருவாக்கிய திட்டத்தின் வழியாக அங்கே வருபவர்கள் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். ஷிப்ட் என்றால் என்னவென்று படுக்கையில் கிடப்பவருக்கே தெரியும். முந்தின ஷிப்ட்காரர் "மிஷின் சூடாகுதுப்பா, பாத்து ஓட்டு" என்று சொல்லாமல் போனால் யாருடைய விரல் போகும் என்பதும் தெரியும். வார்டிலும் அதே கதைதான். காலை, மதியம், இரவு என மூன்று டூட்டி. நாளுக்கு மூன்று முறை ஒரு மனிதரைப் பற்றிய அறிவு கைமாறுகிறது.

எந்த மருத்துவமனையிலும் இந்தக் கைமாற்றத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று ரிப்போர்ட் புக். அதன் மொழி ஆங்கிலம்: 'ஜெனரல் கண்டிஷன் ஃபேர்', 'நோ ஃப்ரெஷ் கம்ப்ளெயின்ட்ஸ்', 'டாக்டர் இன்ஃபார்ம்ட்'. சொன்னது யார், வந்தாரா இல்லையா என்பதெல்லாம் இல்லாத, எழுவாயற்ற வாக்கியங்கள். அடுத்து வரும் செவிலியரோடு மேலதிகாரியும் விசாரணைக் குழுவும் நீதிமன்றமும் இதன் வாசகர்கள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளவும் இது எழுதப்படுகிறது. இதைக் குறை சொல்வதற்கில்லை. மருந்தின் அளவும் கொடுத்த நேரமும் வாய்வார்த்தையில் நிற்காது.

மற்றது படுக்கை படுக்கையாக நடந்துகொண்டே பேசுவது. அது தமிழில் நடக்கும்: "பதினாலாம் பெட் தாத்தா வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, மொகத்தப் பாத்துக்கங்க அக்கா. ராத்திரி மூச்சு ஒரு மாதிரியா இருந்துச்சு." இந்த 'ஒரு மாதிரி' எந்தக் கட்டத்திலும் அடங்காது. ஆனால் எத்தனையோ உடல்களைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் அதில் இருக்கிறது. ரிப்போர்ட் புக்கில் எழுத்தராக இருப்பவர் இங்கே ஆசிரியர் ஆகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 9 நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில் இந்த ஒப்படைப்புப் பேச்சும் ஒன்று. அதில் பரிந்துரைக்கப்பட்ட 'எஸ்பார்' முறையின் வேர் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருக்கிறது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என 4 படிகள். முதல் இரண்டும் தகவல். பின் இரண்டும் அதிகாரம்: 'எனக்கு இப்படிப் படுகிறது, இதைச் செய்யுங்கள்' என்று சொல்லும் உரிமை. மருத்துவர் வந்தால் எழுந்து நிற்கப் பழக்கப்பட்டவர் கையில் படிவத்தை மட்டும் கொடுத்தால், கடைசி இரண்டு கட்டங்களும் காலியாகவே கிடக்கும்.

அடுத்தது நேரம். 30 படுக்கைக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் அரை மணி ஆகிறது. அந்த அரை மணி எந்த டூட்டியின் கணக்கில் வருகிறது? அசோக் பில்லரில் பஸ் பிடிக்க வேண்டியவரின் சொந்தக் கணக்கில்தான்.

பிறகு, வேலையின் நிச்சயம். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நிறைவேறாமல் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இவற்றை நாம் கூலிப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தோம். 'ஒரு மாதிரி' என்ற சொல் வேலை செய்ய, சொல்பவரைக் கேட்பவர் நம்ப வேண்டும். நம்ப, கூட வேலை பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பேச்சு செத்துப்போகும். ரிப்போர்ட் புக் மட்டும் மிஞ்சும்.

இந்தப் பேச்சுக்கும் ஒரு விளிம்பு உண்டு. டூட்டியே மாறாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் மனைவிக்குத்தான் ராத்திரி நடந்தது முழுசாகத் தெரியும். "அட்டெண்டர்லாம் கொஞ்சம் வெளிய இருங்க" என்றதும் அவர் எழுந்து போய்விடுகிறார். மருத்துவர் செவிலியரைக் கேட்காததும் செவிலியர் இவரைக் கேட்காததும் ஒரே படிக்கட்டின் இரண்டு படிகள்.

ஆகவே செவிலியர் போராட்டங்களை ஆதரிக்கும் தோழர்கள் இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு டூட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் அரை மணி, சம்பளக் கணக்கில் வர வேண்டும். செவிலியர் தனக்குப் பட்டதைத் தன் பெயரில், வேண்டுமானால் தமிழிலேயே, பதிவு செய்ய ரிப்போர்ட் புக்கில் இடம் வேண்டும். அந்த இடத்தில் அட்டெண்டர் சொன்னதும் ஒரு வரி ஏறட்டும்.