ஞானேந்திரா இழந்த அரியணை

நேபாளத்தில் மாவோயிஸ்டுகள் ‘மக்கள் யுத்த’த்தைத் தொடங்கியது 1996 பிப்ரவரி 13-ல். ரோல்பா, ருக்கும் எனச் சாலையே எட்டாத மேற்கு மலை மாவட்டங்களில் மூண்ட நெருப்பு அது. தலைநகர் காத்மாண்டு அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் ஐந்தாண்டுகள் போலீஸ் மட்டும்தான் மோதியது. 1990 அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தைத் தந்தாலும், ராணுவத்தின் பிடி அரண்மனையிடமே இருந்தது. மன்னர் பிரேந்திரா அதைக் களமிறக்கத் தயங்கினார்.

2001 ஜூன் 1 இரவு அவரும் குடும்பமும் அரண்மனைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். தம்பி ஞானேந்திரா முடிசூடினார். அந்த நவம்பரில் நெருக்கடி நிலை வந்தது, ராணுவம் மலையேறியது. அதன்பின் நடந்ததை எந்தத் தரப்பும் நியாயப்படுத்த முடியாது. 2003 ஆகஸ்டில், அமைதிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, தோரம்பாவில் பிடிபட்ட 19 பேரை ராணுவம் சுட்டுக் கொன்றது. 2005 ஜூனில் மாடி என்ற பகுதியில் மாவோயிஸ்டுகள் வைத்த குண்டுக்கு, பஸ்ஸில் போன சாதாரண ஜனங்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

2005 பிப்ரவரி 1 அன்று ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்தார். தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன. தலைவர்கள் வீட்டுக்காவலில். பத்திரிகை அலுவலகங்களில் ராணுவத்தினர் உட்கார்ந்தனர், எஃப்.எம். வானொலிகள் செய்தி வாசிக்கத் தடை. அரியணையைச் சாய்த்தது இந்த ஒரு முடிவுதான் என்பேன். கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் அதுவரை ஒருவரையொருவர் நம்பாதவர்கள். இருவரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டு, அவர்களை ஒன்றுசேர்த்தது மன்னரே. நவம்பரில் டெல்லியில் 12 அம்ச உடன்பாடு எட்டப்பட்டது. 2006 ஏப்ரலில் ஊரடங்கையும் துப்பாக்கிச்சூட்டையும் மீறி 19 நாட்கள் மக்கள் தெருவில் நின்றார்கள். 24-ம் தேதி இரவு மன்னர் பணிந்தார். 2008 மே 28-ல் அரசியல் நிர்ணய சபை, 240 ஆண்டு ஷா வம்ச ஆட்சியை முடித்துக் குடியரசை அறிவித்தது.

போரில் மாண்டவர்கள் பதிமூவாயிரத்துக்கும் மேல். காணாமல் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 2003-ல் காத்மாண்டு பைரவ்நாத் ராணுவ முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்களில் 49 பேரின் கதி தெரியவில்லை என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2006-ல் சொன்னது. அதே ஆண்டின் சமாதான ஒப்பந்தம், காணாமல் போனோரின் விவரங்களை 60 நாளில் வெளியிடுவோம் என்றது. அதை விசாரிக்கும் ஆணையத்தை அமைக்கவே 2015 ஆகிவிட்டது. மாவோயிஸ்டுகளின் தலைவராகப் போரை நடத்திய பிரசண்டாவும், நெருக்கடி நிலை வந்தபோது பிரதமராக இருந்த தேவுபாவும் அதன்பின் பலமுறை பிரதமரானார்கள், கூட்டணியும் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தேடும் பெற்றோருக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.