இருட்டில் சாகும், வெளிச்சத்தில் பிழைக்கும்

கிருமிக்கு வெயில் ஆகாது என்பது பாட்டி காலத்துப் பாடம். நோயாளி படுத்த பாயையும் தலையணையையும் மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் என்ற இருவர் 1877-இல் இதைச் சோதனைக் குழாயில் வைத்துக் காட்டினார்கள். பாக்டீரியாவைக் கொல்வது வெயிலின் சூடு மட்டுமல்ல, அதன் ஒளியே கொல்லும் என்றார்கள். அந்த ஒளியிலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் மிகக் கடுமையானது என்பது பின்னால் தெளிவாயிற்று.

இதுவரை எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் புற ஊதாக் கதிர் பட்டுச் சாகக் கிடக்கும் பாக்டீரியாவைச் சாதாரண வெளிச்சம் எழுப்பி உட்கார வைத்துவிடும் என்றால் நம்புவீர்களா? கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன்.

நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவை இரண்டு பெட்ரித் தட்டுகளில் சம அளவு பரப்புவோம். மூடியை எடுத்துவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழே சில விநாடிகள் வைப்போம். (மூடியோடு வைத்தால் கதிர் உள்ளே போகாது. நம் கண்ணையும் கையையும் மறைத்துக்கொள்வது அவசியம்.) பிறகு மூடிவிட்டு, ஒரு தட்டை உடனே அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்போம். மற்றதை ஒரு மணி நேரம் ட்யூப் லைட் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு இருட்டுக்கு அனுப்புவோம். மறுநாள் பார்த்தால் முதல் தட்டில் விரல் விட்டு எண்ணும்படி சில திட்டுகள் இருக்கும். இரண்டாவதில் எண்ணி மாளாது. "சார், தட்டை மாற்றி வைத்துவிட்டீர்கள்" என்று வருஷத்துக்கு ஒரு பையனாவது சொல்வான்.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஆல்பர்ட் கெல்னர். நியூயார்க்கை அடுத்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் 1940-களின் இறுதியில் வேலை செய்தவர். ஸ்ட்ரெப்டோமைசெஸ் கிரிசியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மீது அவர் புற ஊதாக் கதிரைச் செலுத்தி வந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து தந்தது இதே பாக்டீரியாதான். கதிரின் அளவு ஒன்றே, ஆனால் பிழைத்தவற்றின் கணக்கு ஒருநாள் போல் மறுநாள் இல்லை. வெப்பநிலையில்தான் கோளாறு என்று நெடுநாள் அதன் பின்னால் அலைந்தார். கடைசியில் அகப்பட்டது ஜன்னல். சோதனைக் குப்பிகள் இருந்த கண்ணாடித் தொட்டி ஜன்னல் பக்கம் இருந்தது. வெளிச்சம் பட்ட குப்பிகளில் பிழைத்தவை இருட்டில் இருந்தவற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல்! அதே 1949-இல் இண்டியானாவில் ரெனாட்டோ டுல்பெக்கோவும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் இதையே கண்டார். அவர் அடுக்கி வைத்த தட்டுகளில் விளக்குக்கு அருகே இருந்தவையே அதிகம் தேறின.

காரணம் டி.என்.ஏ.வில் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைச் சுட்டெரிப்பதில்லை. டி.என்.ஏ. சங்கிலியில் தைமின் என்ற எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களில் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. பையின் ஜிப்பில் இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டது போலத்தான். ஜிப் அங்கேயே நின்றுவிடும், டி.என்.ஏ. பிரதி எடுக்கும் வேலையும் நின்றுவிடும். போட்டோலயேஸ் என்ற என்ஸைம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, நீல ஒளியின் சக்தியை வாங்கி ஒட்டலைப் பிரித்துவிடுகிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் இதற்கு வேலை ஓடாது.

இருட்டுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது பாக்டீரியா. கெட்ட இடத்தைச் சுற்றி 12, 13 எழுத்துகளை வெட்டி எறிந்துவிட்டு, எதிர்ச் சங்கிலியைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்கிறது. இது 1964-இல் தெரிய வந்தது. சேதம் அளவு மீறினால் பிழையோடாவது பிரதி எடுத்து உயிர் தப்பப் பார்க்கும். இந்தக் கடைசி வழியை விளக்கியவர்களில் முக்கியமானவர் ஈவ்லின் விட்கின் அம்மையார். மாணவியாக 1944-இல் அவர் ஈ. கோலை மீது கதிரைத் தாராளமாகவே செலுத்திவிட்டார். மறுநாள் தட்டில் இருந்தவை நாலே நாலு திட்டுகள். வேறொருவராக இருந்தால் தட்டைக் கழுவி வைத்திருப்பார். இவர் அந்த நாலும் ஏன் பிழைத்தன என்று கேட்டார். அவற்றிலிருந்து கதிரைத் தாங்கும் ஒரு புது வகையே கிடைத்தது. 2023-இல் தமது 102-ஆம் வயதில் அவர் காலமானார்.

மனிதனுக்கு போட்டோலயேஸ் கிடையாது. வெட்டி ஒட்டும் வழி ஒன்றையே நம்பியிருக்கிறோம். பிறவியிலேயே அதிலும் குறையுள்ள குழந்தைகள் உண்டு. வெயில் பட்டாலே தோல் புண்ணாகி, சிறு வயதிலேயே புற்றுநோய் வரும். வெட்டி ஒட்டும் வேலை நடக்கும் விதத்தை விளக்கிய அஜீஸ் சன்ஜார் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்குத் தண்ணீர்தான் முதல் கவலை. புற ஊதா விளக்குக் கருவி பல வீடுகளில் இருக்கிறது. போதிய கதிர் பட்டால் பாக்டீரியாவின் பழுது வேலை ஈடுகொடுக்காது, பயமில்லை. அளவு குறைந்தால்தான் வம்பு. கலங்கல் தண்ணீரில் மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். விளக்கு பழசாகிவிட்டால் நீல வெளிச்சம் தெரிந்தபடியே இருக்கும், கொல்லும் கதிர் மட்டும் குறைந்திருக்கும். அப்படி அரைகுறையாக அடிபட்ட கிருமியைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து ஜன்னலோரம் வைத்தால் கெல்னரின் குப்பிக் கதைதான். ஆகவே பிடித்த நீரை எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வைத்து அன்றே குடித்துவிடுவது நல்லது. விளக்கை நிறுவனம் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். குழாயில் கலங்கல் வருகிற நாட்களில் வடிகட்டிக் காய்ச்சியே குடியுங்கள். கொதிக்கும் நீரில் இந்தப் பழுது பார்க்கும் என்ஸைம்களும் சேர்ந்து கெட்டுவிடும்.