திருவிழா மேடையும் 50 ஹெர்ட்ஸும்

நெகிரி செம்பிலான் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி தொடங்கும் முன்பே ஒரு சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து விடாமல் வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் அது. பேஸ் கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் அடங்கும், ஏற்றினால் மறுபடி எழும். ரந்தாவ் பக்கம் லின்சம், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பஹாவ் பக்கம் கெடிஸ் என்று எந்தத் தோட்டத்தில் மேடை போட்டாலும் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் துடிப்பு ஒன்றுதான்: நொடிக்கு 50 முறை. ஸ்பீக்கரில் கேட்பதும் அந்தத் துடிப்புத்தான்.

இந்த 50 ஹெர்ட்ஸ், பேஸ் வாசிப்பவருக்கு மோசமான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேஸின் தடித்த ஈ தந்தியைச் சும்மா மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். அதே தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் விரல் வைத்தால் ஜி சுரம், 49 ஹெர்ட்ஸ். மின்சார இரைச்சல் அதைவிட அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒரு முறை சத்தம் ஏறி இறங்கும். பாட்டு ஜி சுருதியில் இருந்தால் மேடையில் கூடவே சுருதி பிசகிய இன்னொருவர் வாசிப்பதாகத் தோன்றும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்தக் குறிப்பிட்ட மோதல் வருவதில்லை.

“பிக்கப்பை மாத்திடு” என்பதுதான் இதற்கு உடனே கிடைக்கும் யோசனை. பல சமயம் அது சரிதான். ஆனால் காசைச் செலவழிக்கும் முன் இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். வழி இரண்டு; இரண்டுக்கும் மருந்து வேறு.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைப் போன்ற செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றிய சுருள். கம்பியின் தடிப்பு சுமார் 0.06 மில்லிமீட்டர். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தமாக எழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். மாறும் காந்தப்புலம் தந்தியிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிறதா என்று சுருளுக்குத் தெரியாது. எது வந்தாலும் பிடித்து அனுப்பிவிடும். இது முதல் வழி, காந்த வழி. சுற்றியுள்ள ஒயர்களின் மின்புலம் கிட்டாருக்குள் இருக்கும் மூடாத ஒயர்களிலும் வாசிப்பவரின் உடம்பிலும் தொற்றிக்கொள்வது இரண்டாவது வழி.

கண்டுபிடிப்பது எளிது. கையைத் தந்தியில் வைத்தவுடன் இரைச்சல் தணிந்தால், அந்த அளவுக்கு அது மின்புலத்தால் வந்தது. கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினால், ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் ஏறக்குறைய காணாமல் போகும் இரைச்சல் காந்தத்தால் வந்தது.

முதலில் மின்புலத்தைப் பார்ப்போம், செலவு குறைந்தது அதுதான். பழைய பேஸ் ஒன்றின் குமிழ்த் தகட்டைக் கழற்றினால் உள்ளே வெறும் மரக்குழி இருக்கும். மங்கிப்போன ஈயப்பொட்டுகள், நீளமாகத் தொங்கும் இரண்டு மூன்று ஒயர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் பச்சை பூத்த ஜாக். குழியின் அடியும் சுவரும் மறையும்படி செப்புத் தாள் டேப் ஒட்டி, விளிம்பைக் கொஞ்சம் மேலே மடித்து மூடித் தகட்டைத் தொடும்படி விட்டு, துண்டுகளை ஈயத்தால் இணைத்து, ஜாக்கின் எர்த் முனையோடு சேர்த்துவிட வேண்டும். இதுவும் ஃபாரடேயின் பெயரால் அழைக்கப்படும் கூண்டுதான். ‘கரகர’ என்னும் குமிழ்களுக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். அதிலும் போகாவிட்டால் புதிதாக 250 கிலோஓம் குமிழ் போட்டுவிடலாம். ஆயினும் செப்புத் தாள் காந்த வழியை அடைக்காது. அவ்வளவு மெல்லிய செப்பை 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் தடையின்றிக் கடந்துவிடும்.

அந்த வழிக்குத் தீர்வு பிக்கப்பின் கட்டமைப்பில் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள்தான் இருந்தது. 1957இல் அந்தப் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு பாதி ஈ, ஏ தந்திகளுக்கு; மறு பாதி டி, ஜி தந்திகளுக்கு. சுருள்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டு, காந்த முனைகளும் தலைகீழாக வைக்கப்பட்டன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலிக்கு எதுவும் ஆவதில்லை. எழுபது ஆண்டுகளை நெருங்கும் இந்த ஏற்பாட்டைவிட எளிய தீர்வை நான் பார்த்ததில்லை.

1960இல் வந்த ஜாஸ் பேஸ் வேறு மாதிரி. அதில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் அவை ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்கும்படி இன்று பரவலாகச் செய்கிறார்கள். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பிவிடும். மலிவான நாலு தந்தி பேஸ்களில் பல இந்த வடிவத்தின் நகல்தான். அதே அளவில், ஒரு சுருளுக்குக் கீழே இன்னொன்றை அடுக்கிய பிக்கப்புகள் கிடைக்கின்றன. தந்தியிலிருந்து தள்ளியிருக்கும் கீழ்ச்சுருள் முக்கியமாக இரைச்சலை மட்டும் பிடித்து, மேல்சுருளில் வந்ததை அழிக்கும். ஒலியின் பளபளப்பு கொஞ்சம் குறையலாம். அகன்ற திடலில், எல்இடி விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ வாசிப்பவருக்கு அது நல்ல பேரம்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் தோட்டத்து இசைக்குழுக்கள் என்ன பாடுகின்றன என்பதை நினைத்துப் பார்க்கட்டும். 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் வந்த இளையராஜா, பேஸுக்குத் தனி ராகப் பாதையே போட்டுக் கொடுத்தார். அவருடைய இசைக்குழுவில் சசிதரனும், பின்னர் ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த வரிகளில் பாதி அழகு சுரங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியில் இரைச்சல் புகுந்தால் பாட்டு கெட்டுப்போகிறது.

இனி விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் ‘அதிக அவுட்புட்’. சுற்றுகள் கூடினால் மின்னழுத்தம் கூடும், உண்மை. கூடவே சுருளின் தூண்டல்திறனும் கூடும். மேல்ஸ்தாயி அதிர்வுகள் மழுங்கும். உரக்க ஒலிக்கும், ஆனால் விரல் நகர்வு தெளிவாகக் கேட்காது. ஆம்ப்பில் வால்யூம் குமிழ் இருக்கும்போது அதற்காகத் தனியே பணம் கொடுப்பது வீண் என்றே சொல்வேன். காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்தி வைப்பதும் தவறு. காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும். கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து அளந்தால் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

உண்மையில் ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடம். 34 அங்குலத் தந்தி முழுதாக மட்டுமல்லாமல் பாதியாக, மூன்றில் ஒன்றாக, காலாக எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்கிறது. பிரிட்ஜிலிருந்து 21.6 சென்டிமீட்டர் தள்ளி, சரியாகக் கால் பங்கில் பிக்கப் இருந்தால், கால் பங்காக அதிரும் நான்காம் இசையம் (ஹார்மோனிக்) அங்கே அசையாமல் நிற்பதால் அது கேட்கவே கேட்காது. பிரிட்ஜ் பக்கம் நகர நகர மேல் இசையங்கள் கூடும், அடி ஒலி மெலியும். ஆகவே அதே குழியில் புதுப் பிக்கப் போட்டுவிட்டு முற்றிலும் வேறு கிட்டாரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உடலின் மரத்துக்கு வருவோம். விலை குறைந்த சில கிட்டார்களின் உடல் ரப்பர் மரத்தால் ஆனது. இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் வெட்டியபின் விறகாகப் போய்க்கொண்டிருந்த மரம் அது. மாவுச்சத்து மிகுந்ததால் வெட்டியவுடன் பூஞ்சையும் வண்டும் பிடிக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் உறுதியான பலகை கிடைக்கும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் இந்த மரத்தைப் பயன்படுத்துவது பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் வெட்டிய பால்மரம் இசைக்கருவியின் உடலாகி நிற்பது எனக்குப் பெருமை தரும் விஷயம். மட்டமான மரம் என்று அதைத் தள்ளுவோர் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப்பின் இடமும் தந்தியும் செய்யும் வேலையோடு ஒப்பிட்டால் மரத்தின் பங்கு சிறிது. பலமுறை கழற்றி மாட்டியதில் திருகுத் துளை தளர்ந்திருந்தால், மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளைத் துளையில் நெருக்கிச் சொருகி, ஓரிரவு காயவிட்டு, மட்டமாக நறுக்கித் திரும்பத் திருகினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

கனமான பிரிட்ஜால் வரும் வித்தியாசம் கொஞ்சம்தான். இருப்பது துருப்பிடித்துப் போயிருந்தால் மாற்றுங்கள். டியூனர்களின் கதை வேறு. நீளமான கழுத்தின் நுனியில் நான்கு கனத்த டியூனர்கள் தொங்கும்போது தலைப்பக்கம் சாய்கிறது. இரண்டு மணிநேரக் கச்சேரியில் அதை இடது கையால் தூக்கிப் பிடித்தே தோள் வலிக்கும். அலுமினிய டியூனர்கள் அந்த வலியைக் குறைக்கும். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுக்கின்றன. ஈரப்பதம் மாறும்போது கழுத்து வளைவதும் இயல்பு. அதைத் திருத்த, கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள்.

எல்லாவற்றையும் மாற்றியபின் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பிரிட்ஜிலிருந்து ஜாக்கின் வெளி முனைக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்துவிட்டதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும். அந்த ஒயரால் இரைச்சல் அடங்குகிறது, தந்தியும் ஆம்ப்பின் எர்த்தும் ஒன்றாகின்றன. அதனால்தான் ஆம்ப்பின் எர்த் பழுதாக இருந்தால் ஆபத்து. வாசிப்பவர் தந்தியைத் தொட்டபடி பாட வாயை மைக்கருகே கொண்டுபோனால், 230 வோல்ட் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயலாம். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் முனையை வெட்டி எறியும் வழக்கத்தை எந்தக் குழுவிலும் அனுமதிக்கக் கூடாது. தற்காலிக மேடைக்கு உரிமம் பெற்ற வயர்மேன் இழுத்த இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அந்தப் பிரேக்கரின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஆம்ப்பைப் போடுங்கள்.